அசலை இணைக்கவும்

1

ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணிபுரிந்த ஒருவரை வேலையிலிருந்து விலக்குவதானால், காரணத்தைக் குறிப்பிட்டு, ஒரு மாதம் முன்னதாக, எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். விலக்கும் ஆணையின் தலையில் கோப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டை யாரிடம், எத்தனை நாளுக்குள் செய்துகொள்ளலாம் என்பது கடைசிப் பத்தியில் இருக்க வேண்டும். பிரிவு எண்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள் என்பது முப்பத்தொரு வருட அனுபவம்.

என் தங்கை பாவாயிக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 'தாங்கள் நாளை முதல் பணிக்கு வரத் தேவையில்லை' என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

பாவாயி கொல்லிமலையில் குண்டனி நாடு என்னும் ஊர்த்தொகுதியில் இருக்கிறாள். அங்கே ஒரு மாணவர் விடுதியில் பதினேழு வருடம் சமையல் செய்தாள். எண்பது பிள்ளைகளுக்கு இரண்டு சமையல்காரிகள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஒருத்தி போதும் என்று யாரோ எங்கோ தீர்மானித்தார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. நானும் அப்படி ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அங்கே நாற்காலிகளும் விசிறிகளும் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தாள் கிடைத்த அன்று அவள் அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். எண் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றாள். தேதியும் இல்லை. கையெழுத்து யாருடையது என்று தெரிகிறதா என்றதற்கு, "கோழி கிளறுன மாதிரி இருக்குதுங்ணா" என்றாள். போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று அவளே கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். போட்டோ எங்கேயும் செல்லாது, அசல்தான் முக்கியம், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வை, மேல்முறையீட்டை நான் எழுதுகிறேன் என்றேன்.

இந்த விவகாரத்தில் நான் செய்த தவறுகளில் இது முதலாவது. வரிசை எண் போட்டு வைக்கிறேன். பழக்கம்.

2

பெர்த் நகரத்துக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. மனைவி போன பிறகு மகள் அழைத்துக்கொண்டாள். மருமகன் வடக்கே ஒரு சுரங்கத்தில் இருக்கிறார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஆகவே பெரும்பாலான நாட்களில் வீட்டில் நானும் மகள் கலைச்செல்வியும்தான். அவள் அலுவலகத்தில் அவளைக் கலை என்று கூப்பிட்டார்கள். மீதிப் பெயரை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை குப்பைத் தொட்டிகளைத் தெருவோரம் வைக்க வேண்டும். பச்சை மூடி வாராவாரம். சிவப்பு மூடியும் மஞ்சள் மூடியும் வாரம் விட்டு வாரம், ஆனால் ஒரே வாரத்தில் அல்ல. நகராட்சி கொடுத்த அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, நான் எந்த மூடியை வைக்கிறேனோ அதையே வைக்கிறார்கள். இந்தக் கண்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது.

கலையின் வேலை தை மாதத்தில் போனது, பாவாயிக்கு இரண்டு மாதம் முன்பு. பன்னிரண்டு நிமிட வீடியோ அழைப்பு. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வந்தாள், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "என்னை எடுத்துட்டாங்கப்பா" என்றாள். பீன்ஸைப் பார்த்தாள். "இது ரொம்பப் பொடிசா இருக்கு" என்றாள்.

உடனே ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்னறிவிப்பு உண்டா, எந்த அடிப்படையில் உன்னைத் தேர்ந்தார்கள், மாற்றுப் பணி தர முடியுமா என்று பார்த்தார்களா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில் சொன்னாள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கே என்றேன். திரையில், விரலால். படித்துப் பார்த்தாயா என்றேன். பீன்ஸை எடுத்துக் கழுவப் போனாள்.

போகிறவர்களுக்கு அந்த நிறுவனம் ஆறு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தது. அவள் அதை மைண்ட்செட் வகுப்பு என்றாள். வேலையை எடுத்தவர்களே மனதைத் தேற்ற ஆளும் அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் கொடுப்போம். மனதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கடிகாரம் மட்டும் பத்தைச் சரியாகக் காட்டியது.

வகுப்பில் சொன்னபடி ஒரு நோட்டு வாங்கி, தினம் காலை அதில் மூன்று நல்ல விஷயங்களை எழுதினாள். ஒரு நாள் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. படித்தேன். இது இரண்டாவது தவறு. காபி, வெயில், அப்பா இன்று எதுவும் கேட்கவில்லை. இந்த மூன்றும் எழுதியிருந்தது.

3

பாவாயியின் தாளைப் பற்றிக் கேட்டதும், கலை தன் நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "நான் அத்தைகிட்டப் பேசட்டுமா?" என்று கேட்டாள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அத்தையும் மருமகளும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பேசியவர்கள். அதுவும் நான் போனை அவள் காதில் வைத்தால்.

அன்றிலிருந்து தினமும் பேசினார்கள். இங்கே நண்பகல், அங்கே காலை ஒன்பதரை. பாவாயி வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வெளியே வந்து பலாமரத்துக்குப் பக்கத்து மேட்டில் நின்றால்தான் கிடைக்கும். மேட்டில் காற்று அதிகம். கலை போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நோட்டைத் திறந்துகொள்வாள். நான் பாத்திரம் கழுவுவேன். இரண்டு பேருடைய பாத்திரத்தைக் கழுவ எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த மாதங்களில் நிர்ணயம் ஆகவில்லை.

முதல் பாடம், மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்வது. பாவாயி ஐந்து என்றாள். மறுநாளும் ஐந்து. ஒரு வாரம் ஐந்தே வந்தது. ஏன் அத்தை எப்பவும் ஐந்து என்று கலை கேட்டாள்.

"எதும் தெரியல கண்ணு. நல்லாருக்குதுன்னும் தெரியல, கெட்டுப்போச்சுன்னும் தெரியல. நடுவுல வெச்சுட்டா ஒருத்தருக்கும் வருத்தமில்ல பாரு."

கலை தன் நோட்டில் அன்றைக்குப் போட்டிருந்த எண்ணை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதியதைப் பார்த்தேன்.

இன்னொரு பாடம், எந்த வருத்தமான வாக்கியத்தின் முடிவிலும் 'இன்னும்' என்று சேர்த்துக்கொள்வது. எனக்கு வேலை கிடைக்கவில்லை, இன்னும். அப்படிச் சொன்னால் கதவு மூடவில்லை என்று மனதுக்குத் தெரியுமாம். பாவாயி கொஞ்சம் யோசித்தாள். "எங்கூட்டு மாடும் இன்னும் கன்னு போடலதான் சாமி. அதுக்கு வயசு பதினாறாச்சு" என்றாள். கலை சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நான் குழாயைச் சற்றுக் குறைத்தேன்.

வட்டம் போடுவதும் உண்டு. நம் கையில் இருப்பதை வட்டத்துக்குள் எழுத வேண்டும், கையில் இல்லாததை வெளியே. பாவாயி அரிசிச் சாக்கில் கரித்துண்டால் வட்டம் போட்டாளாம். உள்ளே என்ன எழுதினீர்கள் என்று கலை கேட்டதற்கு, ஆடு இரண்டு, கோழி என்றாள். வெளியே மழை, மிளகு விலை, விடுதி.

"அப்பறம் உங்கொப்பன்."

கலை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுகளை அடுக்கினேன்.

இதையெல்லாம் நான் ஏளனமாகத்தான் பார்த்தேன். மேல்முறையீட்டின் வரைவு அப்போது நான்காவது திருத்தத்தில் இருந்தது. பதினொரு பக்கம். பதினேழு வருடத்துக்கு முன் பாவாயி வேலைக்குச் சேர்ந்த கதையிலிருந்து தொடங்கியிருந்தேன். அப்போது நான் கீழே நாமக்கல் பக்கம் வேலையில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையின் எழுபது வளைவு ஏறி அவள் வீட்டுக்குப் போனபோது, நியமன ஆணை எங்கே என்று கேட்டேன். வாயால் வரச் சொன்னார்கள், போகிறேன் என்றாள். எழுத்தில் வாங்கு என்றேன். "கேட்டா வேண்டாம்னுருவாங்கண்ணா" என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது பஸ்ஸில் எல்லோரையும் போல நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

4

கலையின் ஆறாவது வகுப்பில், மனதில் கிடந்து அறுப்பதை ஒரு தாளில் எழுதி, அதை எரித்துவிடச் சொன்னார்கள். கலை அதைப் பின்கட்டில் ஒரு தகர டப்பாவில் செய்தாள். என்ன எழுதினாள் என்று தெரியாது. புகை எச்சரிக்கைக் கருவி அடிக்காமலிருக்க நான் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் அதை அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தாள். பாவாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் காலை எண் கேட்டபோது ஏழு என்றாள்.

கலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழா, எப்படி அத்தை என்றாள்.

எரித்துவிட்டேன் என்றாள் பாவாயி. முந்தின நாள் சாயங்காலம் அடுப்பில் வைத்தாளாம். சுருண்டு போனதாம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம், நடுவில் விழிக்கவே இல்லையாம். கலைக்குச் சந்தோஷம். என்ன எழுதினீங்க என்று கேட்டாள்.

"எழுதறதுக்கு ஊட்ல வெள்ளத் தாளு இல்ல கண்ணு. அறுக்கறதுதான் ஏற்கெனவே தாளுல எழுதிக் கெடக்குதே, இன்னொருக்கா எதுக்கு எழுதோணும்? அதயே வெச்சுட்டேன்."

என் கையில் இருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது. உறை என்ன ஆயிற்று என்று நான் அங்கிருந்தே கேட்டேன். உறையை எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணா, நல்ல உறை, மிளகாய் விதை போட ஆகும் என்றாள்.

அலுவலக நடைமுறை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறோமோ, அந்த ஆணையை மனுவோடு இணைக்க வேண்டும். இணைக்காத மனு எண்ணிடப்படாது. எண்ணிடப்படாத மனு மனுவே அல்ல. நான் என் காலத்தில் எத்தனையோ மனுக்களை 'அசலை இணைக்கவும்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருக்கிறேன். திருப்பிய பிறகு அவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் பணிப் பட்டியலில் இல்லை.

5

போனை வைத்ததும் கலையிடம் பேசினேன். குரலை உயர்த்தவில்லை. எனக்குக் குரல் உயராது, தாழும். அதிகம் படிக்காதவளிடம் போய் எரி என்று சொன்னாயே என்றேன். அவள் வேலையை எடுத்தவன் ஒருத்தன், மிச்சமிருந்த ஆதாரத்தை எடுத்தவள் நீ என்றேன்.

"அப்பா, அத்தைக்கு வேலை வேணுமா, உங்களுக்கு கேஸ் வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அத்தைகிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"நீ ஒரு தடவையாவது என்கிட்டக் கேட்டிருந்தா உன் வேலையும் போயிருக்காது" என்றேன்.

தவறுகளுக்கு எண் போடுவதை இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

எட்டு நாள் அவள் என்னிடம் தேவையானதை மட்டும் பேசினாள். சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டாச்சா, எந்த மூடி. அத்தையோடு தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். பாத்திரங்கள் ஐந்து நிமிடத்தில் கழுவி முடிந்தன. எட்டு நாளில் நான் வரைவின் ஒரு வரியையும் திருத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வருத்தம் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். யாராவது எண் கேட்டிருந்தால் ஐந்து என்றிருப்பேன். கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் நானே பாவாயியைக் கூப்பிட்டேன். அவள் முந்திக்கொண்டாள். தாளை எரித்தது தப்புத்தான், ஆனால் பிள்ளையைப் பேசியது அதைவிடத் தப்பு என்றாள்.

"நீங்களும் ஒரு நோட்டுதானுங்ணா வெச்சிருக்கீங்க. நாங்க நல்லது மூணு எழுதறோம். நீங்க கெட்டது மூணு எழுதறீங்க. வேற என்ன?"

நான் கேட்டேன். உனக்கு என்ன வேணும் பாவாயி?

மேட்டுக் காற்று போனுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. கூலிக்குப் போனால் காசு வரும், அதைப் பற்றி இல்லை என்றாள்.

"எனக்கு என்ற விடுதி அடுப்பு வேணுங்ணா. இங்க ரெண்டு பேத்துக்கு ஆக்கறேன், உப்பு ஒக்க மாட்டீங்குது. எண்பது பேத்துக்குப் போட்டுப் போட்டுக் கை அப்படியே போகுது. ஒரு நாளு கரிக்குது, பயந்துட்டு அள்ளுனா மறுநாளு சப்புனு கெடக்குது. அவரு ஒண்ணுஞ் சொல்றதில்ல. தின்னுட்டு எந்திரிச்சுப் போயர்றாரு. திட்டுனாக்கூடத் தேவல."

மனு எழுதுகிறேன் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளிடம் அனுமதி கேட்டேன். எழுதுங்க என்றாள். பதினொரு பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன்.

அவளுக்காக நானே மனு போடலாம் என்று முதலில் நினைத்தேன். அதற்கு அவளுடைய அதிகாரக் கடிதத்தை நான் ஏற்பதாக ஓர் உறுதிமொழியில் சான்றொப்பம் வேண்டும். இங்கே நூலகத்தில் புதன்கிழமைகளில் ஒரு மேசை போட்டு, சான்றொப்பமிடும் தொண்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற செவிலி. வருடக்கணக்கில் எழுதிப் பழகிய ஆபீஸ் ஆங்கிலத்தில், ஆவன செய்யுமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, எதை ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் அந்தத் தொடரை எழுதியபோது யாரும் என்னைக் கேட்காத கேள்வி. கையெழுத்து வேண்டும் என்றேன். அதிகாரக் கடிதத்தின் அசல் எங்கே என்றார். கொல்லிமலையில் இருக்கிறது, வந்தது நகல் என்றேன். அசல் இல்லாமல் போட முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னது சரி. நான் அவருக்கு நன்றி சொன்னேன், நிஜமாகத்தான்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. ஆணை எரிந்துவிட்டது. அதன் நகல் அலுவலகக் கோப்பில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த நகலைக் கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும். நான் மூன்று வருடம் முன்பு பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, இந்த ஊர் நகராட்சி மண்டபத்தில் ஒரு செடியும் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டவன். செடி பட்டுப்போய்விட்டது. என் தங்கையை வேலையை விட்டு எடுத்த தாளைப் பற்றிக் கேட்க எனக்குச் சட்டப்படி உரிமை இல்லை. என் தங்கைக்கு உண்டு.

எனவே நான் போனில் சொல்லச் சொல்லப் பாவாயி எழுதினாள். கலை கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்வதில் பாதியை அத்தைக்குப் புரியும்படி அவள்தான் திருப்பிச் சொன்னாள். 'தொடர்புடைய ஆணையின் சான்றிட்ட நகல்' என்றேன். "அத்தை, அந்தப் பேப்பரோட ஜெராக்ஸ் வேணும்னு எழுதுங்க, சீல் போட்டு" என்றாள் கலை. அப்படியே எழுதப்பட்டது. பாவாயி மனுவில் ஒட்டும் கட்டண வில்லை வாங்க மலையிறங்கி, பஸ்ஸில் இரண்டு முறை வாந்தியெடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு வீடு திரும்பினாள்.

முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஐம்பதாவது நாள் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் எழுதியிருந்ததைப் பாவாயி போனில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'கோரப்படும் ஆணையின் நகலை இணைத்து மீள அனுப்புக.'

நகலைக் கேட்டால் நகலை இணைக்கச் சொல்கிறார்கள். கலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வரியின் நடை எனக்கு மிகவும் பழகியதாக இருந்தது. நான் எழுதியிருந்தாலும் அதே சொற்களைத்தான் போட்டிருப்பேன்.

நகல் இல்லாததால்தான் நகல் கேட்கப்படுகிறது என்று மேல்முறையீடு போனது. பிறகு நினைவூட்டு ஒன்று. பிறகு இன்னொன்று. ஆவணி போய்ப் புரட்டாசியும் போயிற்று. இடையில் கலைக்கு வாரம் மூன்று நாள் ஒரு வேலை கிடைத்தது. பழைய வேலையில் பாதி. என்னிடம் முதலில் சொன்னாள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். படித்தேன். ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஒரு காற்புள்ளியைச் சுட்டிக்காட்டினேன்.

6

பதில் வந்தது. பாவாயி போட்டோ எடுத்து அனுப்பினாள். இந்த முறை நான் மறுக்கவில்லை.

நான்கு வரிதான். கோப்பு எண் இருந்தது, தேதி இருந்தது, பெயரும் பதவியும் முத்திரையோடு இருந்தன. முறைப்படியான கடிதம். போனைக் கலையிடம் கொடுத்தேன். அவள் விரல் வைத்து மெல்லப் படித்தாள். மனுதாரரைப் பணியிலிருந்து விலக்கி இவ்வலுவலகத்தால் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. அவ்வாறான ஆணையின் நகல் கோப்பில் இல்லை. விடுதி வருகைப் பதிவேட்டின்படி மனுதாரர் ஊதியமில்லா விடுப்பில் உள்ளார். அவர் பணிக்குத் திரும்புவதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஒருத்தி போதும் என்று மேலே பேச்சு நடந்திருக்கும். ஆணை வருவதற்கு முன்பே, அதிகாரமில்லாத யாரோ ஒருவர் அவசரப்பட்டு அந்தத் தாளை எழுதிக் கொடுத்திருப்பார். ஆணை பிறகு வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் காலியாக விட்டால் கேள்வி வரும், ஆகவே விடுப்பு என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் விளங்கியது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு முறையாகாது. அந்தத் தாளை என் பதினொரு பக்கத்தோடு இணைத்து அனுப்பியிருந்தால், அவர்கள் அதற்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள். முன்தேதியிட்டு ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பிறகு என் மேல்முறையீடு, கோப்பில் இல்லாத ஓர் ஆணையை நிரந்தரமாக்கியிருக்கும். இப்போது அவர்கள் கோப்பைத் திறந்தார்கள், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். அது அடுப்பில் போனதால்.

கலைக்கும் அது புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. போனை என் பக்கம் தள்ளி வைத்தாள். தன் போனில் அத்தையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

நான் சொன்னேன். உன்னை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை பாவாயி. பதிவேட்டில் நீ விடுப்பில் இருக்கிறாய்.

"இத்தன மாசமாவா?"

ஆமாம் என்றேன்.

"நா லீவு கேக்கவே இல்லீங்களேண்ணா" என்றாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மேட்டில் மழை தூறுவது கேட்டது. அடுப்பு அங்கேயேதான் இருக்கிறதா, மாற்றிவிட்டார்களா என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். அப்படியானால் போகலாமா என்றாள். போகலாம், ஆனால் முதலில் பணியேற்பு அறிக்கை ஒன்று எழுத வேண்டும், இரண்டு பிரதி, ஒன்றில் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும், கடிதத்தின் நகலை அதோடு இணைக்க வேண்டும் என்று நான் தொடங்கினேன்.

"இன்னிக்கு என்ன கெழமைங்ணா?"

செவ்வாய் என்றேன்.

"அப்ப நாளைக்குப் புதன். புதங்கெழமைக்குக் கொண்டக்கடல. இப்பவே ஊறப் போட்டாத்தான் ஆகும். கூட ஆக்கறவ ஒத்தையாக் கெடந்து மறந்துருப்பா. நா போய்ட்டு வாரேன் சாமி, உங்கொப்பனக் கேட்டதாச் சொல்லு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் போனை அணைக்கவில்லை. சரிவில் ஈரச் செருப்பு வேகமாக இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ எதிரில் வந்து எங்கே இந்த மழையில் என்று கேட்டார்கள். வேலைக்கு என்றாள். பிறகு சிக்னல் விட்டுப்போனது.

கடிதம் அவள் கைக்கு வந்த நாள்: ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.